கூரைமேல் இருமுறை

கோடாமை என்று ஒரு குணம் உண்டு. வளையாதிருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். வீரத்தைப் போல அது முரசறைந்து வருவதில்லை. ஈகையைப் போல அதற்குக் கைகூப்பி நிற்பாரும் இலர். கொத்தனாரின் தூக்குநூலில் அது குடியிருக்கிறது. கட்டப்படும் சுவர் செல்வருடையதா, ஏழையுடையதா, கொத்தனாரின் சொந்த வீட்டுச் சுவரா என்று அந்த நூல் கேட்பதில்லை. தொங்கவிட்ட இடத்தில் நேராக நிற்கும். பிறர் சுவருக்கு நேராக நிற்பது பலருக்கும் கைவரும். தன் வீட்டுச் சுவருக்கும் அப்படியே நிற்றல் அரிது. அந்த அரிய குணம் நம் ஊரில், விமானத்தளத்தின் கண்ணாடிக் கூண்டில், ஒலிவாங்கியின் முன்னே ஒரு பெண்மணியாய் அமர்ந்திருக்கிறது.

ஊரின் விளிம்பில், மலைக்கும் ஆற்றுக்கும் இடையே, சிறிய விமானத்தளம் ஒன்று உள்ளது. ஓடுதளம் ஒன்றே. அதன் அருகில் இரண்டு மாடிக் கட்டடம். அதன் உச்சியில் நாற்புறமும் கண்ணாடி பதித்த அறை. அலுவலகத்தார் அதைக் கட்டுப்பாட்டு அறை என்பர். ஊரார்க்கு அது கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒலிவாங்கி, தொலைநோக்கி, காற்றின் விசையைக் காட்டும் முள். வெளியே கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை புடைத்தும் துவண்டும் ஆடிக்கொண்டிருக்கும். அங்கே வருபவை சிறு விமானங்களே. அவற்றில் தபாலும் மருந்தும் வரும், சில பயணிகளும் வருவர்.

அந்த ஓடுதளத்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அதன் நடுவில் ஆமையின் முதுகு போல ஒரு மேடு. கூண்டிலிருந்து பார்ப்பவர்க்கு மேடு வரை தெரியும். அதற்கு அப்பாலுள்ள கோடி தெரியாது. அந்தக் கோடியில்தான் ஓடை இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை பெருகி வேலியைச் சாய்த்துவிடும். ஆடும் மாடும் நாயும் தம் விருப்பம் போல் உலவும். காலையில் ஜீப்பில் சென்று பார்த்து வந்தாலும், அடுத்த நாழிகையில் எது வந்து நிற்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது.

ஆதலால் அந்தத் தளத்துக்கென்றே ஒரு விதி உண்டு. வருகிற விமானம் வந்தவுடன் இறங்கிவிடக் கூடாது. முதலில் ஓடுதளத்தின் மேலாகத் தாழப் பறந்து, கோடிவரை பார்த்து, அப்பால் கடந்துபோய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்த பிறகே இறங்க வேண்டும். இப்படிப் பறந்து கடப்பதற்கு அங்கே மேற்கடப்பு என்று பெயர். "மேற்கடந்து பார்க்கவும்" என்று கூண்டு சொல்லும். பறந்து பார்த்த விமானி "கோடி சுத்தம்" என்பார். அதன் பின்னரே "இறங்கலாம்" என்ற சொல் பிறக்கும்.

விதி இதுவாயினும், நம் பெண்மணி பணிக்கு வரும்முன் அந்தச் சொல் வழங்கிய விதம் வேறு. அறிமுகமில்லாத விமானி வந்தால் மேற்கடப்பு. பழகியவர் வந்தால் "வாங்க வாங்க, நேரா வாங்க". பெரிய மனிதர் வந்தால் கேட்கவே வேண்டாம். நாளடைவில், காவலுக்கென்று பிறந்த சொல், வாசலில் நிறுத்திவைக்கும் சொல்லாகிவிட்டது. "என்னைப் போய் மேற்கடக்கச் சொல்லிட்டாங்க" என்று விமானிகள் முகம் சுளிக்கும் அளவுக்கு அதில் அவமானம் ஏறியிருந்தது.

நம் பெண்மணியின் தந்தை ரயில் நிலையத்தில் கைகாட்டியை இயக்கியவர். விரைவு வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரே விதமாகத் தாழும் கையைப் பார்த்து வளர்ந்த பெண், விமானப் போக்குவரத்துப் பயிற்சி முடித்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். தளத்தின் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த பம்பு மெக்கானிக்கை மணந்தார். அந்த ஆண்டில் அந்த மோட்டார் பழுதானதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பழுதானதே இல்லை என்று ஜீப் ஓட்டுநர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

கூண்டில் அமர்ந்த புதிதில், ஊரறிந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் சொந்த விமானம் வந்தது.

"மேற்கடந்து பார்க்கவும்."

"அம்மா, உள்ள ஐயா இருக்காரு" என்றது விமானியின் குரல். "அவரு வந்தா நேரா இறங்குறதுதான் வழக்கம்."

"ஐயாவும் ஜன்னல் வழியா ஊரை ஒரு தரம் பாக்கட்டும். மேற்கடந்து பார்க்கவும்."

இறங்கிய ஐயா மூச்சிரைக்கப் படியேறிக் கூண்டுக்கு வந்தார்.

"என்னை யாருன்னு நெனச்சே?"

"இறங்கப் போறவர்னு நெனச்சேன், ஐயா."

புகார் தலைமையகம் வரை போயிற்று. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அவரும் விமானத்தில்தான் வரவேண்டும். அவருக்கும் அதே சொல்தான் கிடைத்தது. சுற்றிவந்து இறங்கிய அதிகாரி, கூண்டுக்கு ஏறிவந்து, நெற்றியைத் துடைத்து, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"விசாரிக்க வந்த என்னையும் ஒரு சுத்து விட்டுட்டியேம்மா."

"உக்காருங்க சார். என்ன விசாரிக்கணும்?"

"அதான் மேலயே விசாரிச்சு முடிச்சுட்டேனே" என்று சொல்லி அடுத்த விமானத்தில் அவர் போய்விட்டார்.

அன்றுமுதல் விமானிகளிடையே நம் பெண்மணிக்கு ஒருசுற்றம்மா என்று பெயர் நின்றது. முதலில் அது எரிச்சலில் வைத்த பெயர். எல்லார்க்கும் ஒரே சொல் என்றானபின், அந்தச் சொல்லில் ஏறியிருந்த அவமானம் தானே இறங்கிப் போயிற்று. பெயரும் செல்லப் பெயராயிற்று. பெரிய மீசை வைத்திருந்ததால் மீசை கேப்டன் என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட மூத்த விமானி ஒருவர், கணவாயைத் தாண்டியதும் தாமே முந்திக்கொண்டு, "ஒருசுற்றக்கா, நீங்க வாயத் தெறக்க வேணாம், நானே சுத்துறேன்" என்பார். "நான் சொன்னதுக்கு அப்புறம் சுத்துங்க, கேப்டன்" என்பார் இவர்.

அவரும் மெக்கானிக்கும் குடியிருந்த வீடு விமானம் வந்திறங்கும் பாதையின் நேர் கீழே இருந்தது. மலைக் கணவாய் வழியே வரும் விமானம் அந்தக் கூரையின் மேலாகத்தான் ஓடுதளத்தைக் கடக்கும். சுற்றிவந்து இறங்கும்போதும் அதே கூரையின் மேலாகத்தான் வரும். ஆகவே ஒவ்வொரு விமானமும் அந்த வீட்டின்மேல் இருமுறை ஒலித்தது. முதல் ஒலிக்கு அடுப்படிப் பாத்திரங்கள் நடுங்கும். நாளின் கடைசி விமானத்தின் இரண்டாவது ஒலிக்கு, வெந்நீர் போட எழுந்திருப்பார் மெக்கானிக். மனைவியின் வேலை முடிந்து வருகிற நேரம் அது என்று அவருக்கு அதுவே கணக்கு.

கூண்டின் சொல் வீட்டுக்குள்ளும் குடியேறிற்று. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள் சமையலறைக்குள் நுழைந்து, மூடிகளைத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் தேறாது என்று நழுவினால், "என்னடி, மேற்கடப்பா? எறங்க மாட்டியா?" என்று தந்தை கேட்பார். வாசலோடு பேசிவிட்டுப் போகும் உறவினர்க்கும் அதே பட்டம்தான்.

அந்த வீட்டின் பின்கட்டில் மெக்கானிக்கின் அக்கா வாழ்ந்தார். தாயை இழந்த தம்பியைத் தம் கையால் வளர்த்தவர். ஆடு வளர்ப்பதே அவர் தொழில். தம் ஆடுகள் பிறர் ஆடுகளோடு கலந்துவிடாதிருக்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நாடா கட்டுவார். தம்பியின் மேல் உயிரையே வைத்திருந்த அவருக்கு, தம்பி மனைவியின் மேல் மதிப்பு உண்டு. வாயில் மட்டும் அது வராது.

"ஏம்மா, வர்றவனை வான்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்? ஒரு தரம் போய்ட்டு வாங்கறே. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையத் தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வரச் சொல்ற மாதிரி இருக்கு."

"தெருவுல உங்க ஆடு நிக்கலேன்னா, நேரா வரலாம் அண்ணி."

"என் ஆட்டப் பேசாதே. உன்னவிட அடக்கம் அதுங்க."

இவ்வாறு சென்ற வாழ்வில் ஒரு மழைக்காலம் வந்தது.

மெக்கானிக்குக்குச் சில நாளாகவே வயிற்றில் வலி. "வாயுதான், தானா எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குப் போய்வந்தார். ஒரு நாள் முற்பகலில், கழற்றிப் போட்ட பம்பின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஊர் மருத்துவமனையின் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடன் முகம் மாறினார்.

"குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. இங்க வெட்டித் தைக்க ஆளில்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், இப்பவே. தாமதமானா உயிருக்கு ஆபத்து."

மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. விமானம் ஒன்றே வழி. ஆம்புலன்ஸோ ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பிரசவத்துக்குப் போய், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஆதலால் விமானத்தளத்தின் ஜீப்பே நோயாளியைக் கொண்டுவரப் போயிற்று.

செய்தி கூண்டுக்குத் தொலைபேசியில் வந்தது. அவர் எழுந்து நின்றார். மருத்துவமனைக்கு ஓடினால் கணவரைக் காணலாம். ஆனால் கூண்டில் ஆளில்லையேல் எந்த விமானமும் அங்கே இறங்காது. மாற்றிவிட வேண்டிய மற்றோர் அலுவலர் மண்சரிவுக்கு அப்பால் இருந்தார். நின்றவர் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். மீசை கேப்டனின் விமானம் ஒரு செவிலியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது என்ற தகவல் வந்தது. அவர் வழக்கம் போல் காற்றின் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தார், காத்திருந்தார்.

ஜீப் வந்து கூண்டின் அடியில் நின்றது. அவர் சன்னலைத் திறந்து குனிந்து பார்த்தார். பின்னிருக்கையில் முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கணவர் கிடந்தார். தலை அக்காவின் மடியில் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"எங்க ப்ளேன்?" என்று கீழிருந்து அக்கா கத்தினார்.

"வந்துட்டிருக்கு அண்ணி!"

"சீக்கிரம் எறக்கு! பேச்சே வரல இவனுக்கு!"

ஜீப் ஓட்டுநர் அண்ணாந்து கேட்டார்: "மேடம், கோடியில போய் ஒரு தரம் பாத்துட்டு வரட்டா?"

நோயாளியை வைத்துக்கொண்டு அந்தக் குலுக்கலில் ஓட்ட முடியாது. மழையில் இறக்கிக் கிடத்தவும் முடியாது. "வேணாம், அசையாதீங்க" என்று அவர் சொல்லும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது.

"கூண்டு, மீசை பேசுறேன். கணவாயைத் தாண்டிட்டேன். பின்னாடியே மேகம் மூடிட்டு வருதுக்கா. நான் நேரா இறங்கிடறேன்."

அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பொத்தானை அழுத்தவில்லை.

"அக்கா, கேக்குதா? சுத்தி வர்றதுக்குள்ள ஆத்துப் பக்கமும் மூடினாலும் மூடிடும். அப்புறம் நான் இறங்காம திரும்பிப் போக வேண்டியதுதான். ஜீப்புல இருக்கறது அண்ணன்தானே? உங்களுக்காகத்தான் சொல்றேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

மேட்டுக்கு அப்பால் இருந்த கோடியை அவர் கண்ணாடி வழியே நோக்கினார். அங்கே நோக்குவதற்கு ஒன்றுமில்லை. மேட்டின் முதுகும் மழையும் மட்டுமே தெரிந்தன. அந்த மறைவில் ஒரு கன்றுக்குட்டி ஒதுங்கி நிற்கலாம், நில்லாமலும் இருக்கலாம். விமானத்தில் இருவர் இருந்தனர். அவர்களுக்கும் வீடு உண்டு. அந்த வீடுகளிலும் யாரோ வாசலைப் பார்த்திருப்பர். சன்னலுக்குக் கீழே தம் உயிரில் பாதி கிடந்தது. பழகியவர்க்கு ஒன்று, பழகாதவர்க்கு ஒன்று என்று கிடந்த சொல்லை ஒன்றாக்கியவர் அவர். இன்று கேட்டது உலகிலேயே மிகவும் பழகியவருக்காக.

பொத்தானை அழுத்தினார்.

"மேற்கடந்து பார்க்கவும்."

மறுமுனையில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரிக்கா" என்றார் மீசை கேப்டன்.

ஜீப்பின் மேல் இடி உருண்டாற்போல் விமானம் வந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது, சக்கரங்கள் தெரிந்தன, இதோ இறங்கிவிட்டது என்று அக்கா கைகூப்பிய கணத்தில் அது இறங்காமல் மேட்டைத் தாண்டி, கோடியைத் தாண்டி, ஆற்றுப் பக்கத்து மேகத்துக்குள் போய் மறைந்தது.

"போகுதே! டேய், ப்ளேன் போகுதுடா! உன் பொண்டாட்டி போகச் சொல்லிட்டாடா!"

அதுவரை முனகலன்றிப் பேசாதிருந்த மெக்கானிக் கண்ணைத் திறந்தார்.

"அக்கா... கத்தாதே. மொத தரம் பாக்கப் போவான். ரெண்டாவது தரம்தான் எறங்குவான்."

"மேகத்துக்குள்ள போயிட்டான்டா!"

"வருவான். நம்ம கூரை மேல எத்தன வருஷமா ரெண்டு தரம் கேக்குறோம்?" வலி ஒரு முறை அவரைச் சுருட்டி விட்டது. பல்லைக் கடித்து, மீண்டும் சொன்னார்: "ஒரு தரத்தோட எறங்கியிருந்தாத்தான் எனக்குப் பயம் வந்திருக்கும். மேல இருக்கறது வேற யாரோன்னு."

ஜீப் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியை வெறித்துக்கொண்டு அமர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று அவரே பின்னர் பலரிடமும் சொன்னார்.

மேலே கூண்டில் ஒலிபெருக்கி பேசிற்று: "கோடி சுத்தம். ஒன்னுமில்ல." பிறகு இரைச்சல். ஆற்றின்மேல் மேகம் கூடிற்று. அவர் திறந்த சன்னலருகே நின்று செவியைக் கொடுத்தார். மழை கண்ணாடியில் விழும் ஒலி. காற்றுப்பையின் கயிறு கம்பத்தில் தட்டும் ஒலி. கீழே அக்காவின் அழுகை. விமானத்தின் ஒலி இல்லை. தம் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்டிருந்த அந்த ஒலியை அன்றுபோல் அவர் என்றும் எதிர்பார்த்ததில்லை.

பின்னர் மலைப்பக்கமிருந்து, எப்போதையும்விடத் தாழ, கூரைகளை உரசுவதுபோல் அது வந்தது.

"இறங்கலாம்" என்றார். குரல் மாறவில்லை.

சக்கரங்கள் நீரைச் சிதறடித்துத் தரையைத் தொட்டன. ஜீப் விமானத்தை நோக்கி விரைந்தது. கணவரை ஏற்றுவதை அவர் மேலிருந்தே பார்த்தார். போர்வையால் மூடிய ஓர் உருவம். அதன் பின்னே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறும் அக்கா. இறங்கி ஓடிப்போய் ஒரு முறை கையைப் பிடிக்கவும் இயலாது. புறப்படுவதற்கான சொல்லும் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். "புறப்படலாம்" என்றார். மேகம் மூடுமுன் விமானம் எழுந்து போயிற்று. அதன்பின் ஒலிவாங்கியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மேசையில் தலை கவிழ்ந்தார்.

அன்று கோடியில் ஒன்றும் இருக்கவில்லை. நேராக இறங்கியிருந்தால் ஒரு தீங்கும் நேர்ந்திராது. இதை மறைக்க வேண்டியதில்லை. இதை மறைத்தால் அவர் பெருமையும் குறைந்துபோகும். கன்று நின்றிருந்தால் அதைக் கண்டு தடுத்தவர் என்று ஊர் போற்றியிருக்கும். கண்டு தடுக்க ஒன்றுமே இல்லாத ஓடுதளத்தின் முன், தெரியாதது தெரியாததே என்று ஒப்பி, தம் மாங்கல்யத்தையும் மற்றவர்க்குச் சொல்லும் அதே சொல்லின் கீழ் நிறுத்தினாரே, அங்கேதான் அந்தத் தூக்குநூல் நேராக நின்றது.

அறுவை நடந்தது, மெக்கானிக் பிழைத்தார். அழுகிய குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தனர். அந்த ஒரு சுற்று இல்லாதிருந்தால் வெட்டியது குறைந்திருக்குமா என்பதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அக்கா மட்டும் சொன்னார். வார்டில் இருந்த அனைவரிடமும் சொன்னார். மனைவி தொலைபேசியில் அழைத்தால், "இந்தா, உன் பொண்டாட்டி" என்று தம்பியின் காதில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அண்ணி கோவமா இருக்காங்களா?"

"கோவமா? பக்கத்து பெட்டுக்காரனுக்கெல்லாம் உன் பேரு தெரிஞ்சுபோச்சு."

"நீங்க?"

அவர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் என்ன? மேல போறப்பவே தெரியும், திரும்பி வரும்னு. நீ சாப்டியா?"

அவர் சாப்பிட்டாரோ இல்லையோ, அக்காவின் ஆடுகள் சாப்பிட்டன. போகும் அவசரத்தில் அக்கா விட்டுச்சென்ற ஆடுகளைத் தம் பொறுப்பில் ஏற்று, வேலைக்குப் போகுமுன் தழை போட்டு, தண்ணீர் வைத்து, பட்டியின் வாசலைக் கொக்கி மாட்டிப் பூட்டிவந்தார்.

மழை ஓய்ந்து வெயில் எறித்த ஒரு நாளில் மெக்கானிக் திரும்பினார். மலைச்சாலை இன்னும் சீராகவில்லை. ஆகவே மீசை கேப்டனின் விமானத்திலேயே வந்தார். அக்காவும் உடன் வந்தார். போகும்போது அவர் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆகவே இதுவே அவர் கண்திறந்து செய்த முதல் வான்பயணம். சன்னலோரம் அமர்ந்து, கணவாயைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடி, தாண்டியபின் திறந்தார்.

"மேற்கடந்து பார்க்கவும்" என்ற குரல் விமானத்துக்குள் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் அக்கா. "புருஷன் பொழச்சு வர்றான், அப்பவும் வாய் சும்மா இருக்குதா பாரு."

விமானம் தாழ்ந்தது. தம் வீட்டுக் கூரை காலடியில் வழுக்கிப் போவதைக் கண்டு அக்கா வாயைப் பிளந்தார். கண்ணாடிக் கூண்டு சென்றது. மேடு சென்றது. மேட்டுக்கு அப்பால், அவர் அதுவரை கண்டிராத கோடி விரிந்தது. அங்கே ஓடுதளத்தின் நட்டநடுவில், ஈரப் பிளவில் முளைத்த புல்லை மேய்ந்துகொண்டு, சில உருவங்கள்.

"கூண்டு, கோடியில ஆடு" என்றார் கேப்டன். "கும்பலா நிக்குது. கழுத்துல என்னமோ செவப்பா கட்டியிருக்கு."

அக்கா சன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டார். "ஐயையோ! அது என் ஆடு! டேய் தம்பி, அது நம்ம ஆடுடா!"

கூண்டில் இருந்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒருநாளும் கோடாதவர் அன்று காலை, கணவர் வருகிறார் என்ற மகிழ்ச்சியில், பட்டியின் கொக்கியை மாட்ட மறந்து வந்திருந்தார். அது அவர்க்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு குரல் வந்தது. அந்த மழைநாளில்கூட மாறாத குரல், இப்போது சற்றே தடுமாறியது.

"இறங்க வேண்டாம். மேலேயே சுற்றவும். ஜீப் போகிறது."

மெக்கானிக் தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்" என்று கெஞ்சினார், கெஞ்சிக்கொண்டே சிரித்தார். ஜீப் ஆடுகளைத் துரத்துவதையும், ஆடுகள் ஜீப்பைச் சுற்றி ஓடுவதையும், அக்கா மேலிருந்தே ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லித் திட்டுவதையும் கண்டு, கேப்டனின் மீசையும் ஆடிற்று. இன்னுமொரு முறை கடந்து பார்த்து, "கோடி சுத்தம்" என்று கேப்டன் சொன்ன பின்னரே அவர்கள் இறங்கினர். அன்று மட்டும் அந்த வீட்டின் கூரைமேல் விமானம் மும்முறை ஒலித்தது.

பணி முடிந்து அவர் படியிறங்கி வந்தபோது, கணவர் நிழலில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.  அவர் கையை இவர் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அக்கா இடுப்பில் கையூன்றி நின்றார்.

"ஆட்டப் பாத்துக்கன்னு விட்டுட்டுப் போனா, ரன்வேயில மேய விட்டிருக்கே. நல்லா இருக்குடியம்மா உன் காவலு."

"தப்புதான் அண்ணி. கொக்கிய மறந்துட்டேன்."

"சரி, அத விடு." அக்கா தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். குரல் தணிந்தது. "ஏம்மா, மேட்டுக்கு அந்தாண்ட இருக்கறது அங்கேந்து தெரியாதா?"

"தெரியாது."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடத் தெரியாது அண்ணி."

"பின்ன, அன்னைக்கு இவன் இப்படிக் கெடக்கறப்ப, ஒன்னுமே தெரியாம, எப்படிம்மா அங்க உக்காந்திருந்தே?"

 விடைக்கு அக்கா காத்திருக்கவில்லை. தம் முந்தானையால் தம்பி மனைவியின் முகத்தை அழுந்தத் துடைத்து, "போ, போய் மூஞ்சியக் கழுவு. புருஷன் வந்திருக்கான்" என்றார்.

இன்றும் விமானம் வரும் நேரத்தில், உறவினரை எதிர்கொள்ள வேலியோரம் நிற்பவர் நடுவே அக்காவைக் காணலாம். விமானம் தலைக்கு மேலே இறங்காமல் பறந்து போனவுடன், புதியவர் யாரேனும் பதறினால், அவர் ஆட்டுக்குத் தழை ஒடிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்வார்:

"பதறாதீங்க. இது மேற்கடப்பு. இப்ப சும்மா பாத்துட்டுப் போறான், திரும்பி வந்துதான் எறங்குவான். யாரா இருந்தாலும் அப்படித்தான். மேல இருக்கறது எங்க வீட்டுப் பொண்ணு. என் தம்பிக்கே ஒரு சுத்து விட்டவ."

அந்தக் கடைசிச் சொற்றொடரை அவர் சொல்லும்போது, ஊர் முழுவதும் கேட்கவேண்டும் என்பதுபோல் குரல் உயரும்.

அந்த வீட்டின் விளக்கு அணையாதிருப்பதாகுக. அதன் மகள் எங்குச் சென்றாலும் நலமே திரும்பி வருவாளாக. மெக்கானிக்கின் கை பழுதான மோட்டார்களை எல்லாம் உயிர்ப்பிப்பதாகுக. அக்காவின் பட்டி பெருகி, அதன் கொக்கி நன்கு மாட்டியிருப்பதாகுக. மலைகளையும் மேகங்களையும் படைத்துக் காக்கும் இறைவன் அருளால், அந்தக் கூரையின்மேல் ஒவ்வொரு விமானமும் என்றென்றும் இருமுறை ஒலிப்பதாகுக.